அங்கீகரிக்கப்பட்ட துணை

என் கணவர் இறந்த மறுவாரம் துணைக்காப்பு அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. கணவருடைய துணை அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றார். இறந்தவர் இனி யாருக்கும் துணையாக வர முடியாது என்பதால் அட்டை அலுவலகத்துக்குச் சேர வேண்டியதாம். தேடி எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், "பல வீட்டுல கசங்கிக் கிழிஞ்சு வரும்மா. உங்க வீட்டுக்காரர் புதுசாவே வெச்சிருக்கார். நல்ல மனுஷன்" என்றார். அரசுத் தரப்பில் அவருக்குக் கிடைத்த இரங்கல் அவ்வளவுதான்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் இருந்த விதி இது. தெருவிளக்கு எரியத் தொடங்கிய பின் தெருவில் காணப்படும் எந்தப் பெண்ணும் தன் குடும்பத்து ஆண் ஒருவரின் துணையுடன் காணப்பட வேண்டும். கணவன், அப்பா, அண்ணன், தம்பி, வளர்ந்த மகன், யாராவது ஒருவர். அவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவருடைய பார்வை அவள்மேல் இருக்க வேண்டும். இதைக் கவனிக்கத் துணைக்காப்பு அலுவலகம் என்று ஒன்று, அதற்கு ஒரு கண்காணிப்பாளர், ஓர் எழுத்தர், விசில் ஊத ரோந்துக்காரர்கள். விளக்கு எரிவதுதான் அடையாளம் என்பதால் பல்பு போன தெருக்களில் சட்டப்படி மாலையே வராது. கும்மிருட்டில் எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போகலாம், வெளிச்சத்தில்தான் கூடாது. ஏன் என்று ஒருமுறை எழுத்தரிடம் கேட்டேன். "இருட்டுல உங்களை யாரும்மா பாக்கப் போறா? பாத்தாத்தானே பிரச்சினை" என்றார்.

என் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். கடை ஆஸ்பத்திரிக்கு எதிரே. நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை செய்தேன். மாலையில் அவர் கடையைப் பூட்டிவிட்டு நடக்கத் தொடங்குவார், நான் பின்னால் ஓடுவேன். கையெட்டும் தூரமெல்லாம் இல்லை, கூப்பிட்டால்கூடக் கேட்காத தூரம். திரும்பிப் பார்த்ததே கிடையாது. வீட்டு வாசலில் நின்று சட்டைப்பையைத் தடவும்போதுதான் என் ஞாபகம் வரும், ஏனென்றால் சாவி என்னிடம் இருக்கும். ரோந்துக்காரர்கள் இதைக் கண்டுகொண்டதில்லை. அவர்களுடைய கைக்கடிகாரங்களெல்லாம் அவர் தயவில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

அவர் போன பிறகு வீட்டில் நானும் என் நாத்தனாரும்தான். எங்களுக்கென்று வேறு ஆண் யாரும் இல்லை. நாத்தனார் கடைப் பலகை எழுதுகிறவள். பகலிலேயே வேலையை முடித்துக்கொண்டு வந்துவிடுவாள். சலவைக் கூடத்தில் அது நடக்காது. கடைசி ஈட்டு விரிப்புகள் கொதிகலனிலிருந்து வெளியே வரும்போதே தெருவில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஈரத்துணியை அப்படியே குவித்துவிட்டு வந்தால் காலையில் நாற்றம் எடுத்துவிடும்.

துணையில்லாத பெண்களுக்கு அலுவலகமே ஒருவரை ஏற்பாடு செய்யும் என்று விதியில் இருந்தது. விண்ணப்பித்தேன். ஊர் முழுவதற்கும் அப்படி ஒரே ஒருவர்தான். அரசுத் துணை என்று பெயர். அவரால் பெண்களுக்கு எந்த ஆபத்தும் வந்துவிடக் கூடாது என்று நன்றாக யோசித்து, நிற்கவே சிரமப்படும் ஒருவரை நியமித்திருந்தார்கள். முதல் மாலை என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். பாதி வழியில் மூச்சு வாங்கியது. ஒரு கடைப் படியில் உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவி, ஒருவழியாக என் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தேன். அங்கே அவர் சொன்னார்: "பாப்பா, விளக்கு வெச்சா எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. என்னைக் கொஞ்சம் வீட்டுல விட்டுடு." விட்டேன். அங்கிருந்து திரும்பும்போது, துணையில்லாமல் வந்ததாக என்னைப் பிடித்தார்கள்.

பிடித்தால் அலுவலகத்துக் காத்திருப்பு அறை. குடும்பத்து ஆண் வந்து அழைத்துப் போகலாம். வராவிட்டால் காலையில் தெருவிளக்கு அணைந்ததும் விடுவார்கள். எனக்கு வர யாருமில்லை என்றேன். "அப்படி மனச விடக்கூடாதும்மா. யாராவது வருவாங்க" என்று எழுத்தர் ஆறுதல் சொன்னார். யாரும் வரவில்லை. மறுநாள் வேலைக்குத் தாமதமானது. அடுத்த வாரமும் அதே கதை. அதன் பிறகு விளக்கு எரிவதற்கு முன்னாலேயே ஓடிவரத் தொடங்கினேன், ஈரத்துணி குவிந்தது.

சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் அக்கா கெட்டவர் இல்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"எனக்கு உம்மேல கோவம் இல்ல. ஆனா நோயாளிங்கள வெறும் கட்டில்ல படுக்கவைக்க முடியாது பாரு. சாயங்கால ஈட்டை முடிச்சுட்டுப் போறதுன்னா இரு. இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுக்க. யாராவது ஒரு ஆம்பளையப் புடிச்சிட்டு வாயேன்டி."

"எங்கக்கா போய்ப் புடிக்கிறது?"

"அது தெரிஞ்சா நான் எனக்கே ஒண்ணு புடிச்சிருப்பேனே."

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னேன். அவள் தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தாள். நான் அழுதால் அவளுக்கும் அழுகை வரும், பிறகு கை நடுங்கும், மறுநாள் எழுத்துக் கோணும். அதனால் நான் அழவில்லை. அவள் என்னைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள், பலகைக்கு அளவு எடுக்கும்போது பார்ப்பதுபோல.

"அண்ணி, நீங்க நடக்கறப்ப ஒரு தோள் எறங்கியிருக்கும், தெரியுமா?"

"துணி மூட்டை தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு."

"கொஞ்சம் அந்தக் கோடி வரைக்கும் நடங்க."

நடந்தேன்.

"அவ்ளோ வேகமா வேண்டாம். யாரும் தொரத்தல."

மெதுவாக நடந்தேன். போதும் என்றாள்.

ஆஸ்பத்திரிக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே குடிநீர் நிலையத்தின் நீண்ட சுவர் இருக்கிறது. மறுநாள் பட்டப்பகலில் அதில் ஏணியைச் சாய்த்து என்னை வரைந்தாள். ஏணியும் பெயின்ட் டப்பாவுமாக ஒருத்தி நின்றால், யாரோ பெரியவர்கள் சொல்லித்தான் நிற்கிறாள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு ரோந்துக்காரர் ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டாராம். வேலைக்குப் போகும்போது பார்த்தேன். என் உயரம், என் பை, இறங்கிய தோள். தலைக்கு மேலே ஒரு தெருவிளக்கு, அதுவும் எரிகிற விளக்கு. அதன் கீழே நான் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தேன். முகத்தில் அவசரமே இல்லை. அப்படி ஒரு முகம் எனக்கு இருப்பது எனக்கே தெரியாது.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். தையல்கடைக்காரி தன்னை உட்கார்ந்திருப்பதுபோலப் போடச் சொன்னாள். "நடைபாதை ஓரத்துல, காலை நல்லா நீட்டி. இந்த ஊர்ல பொறந்து வளர்ந்தேன், தெருவுல ஒருநாளும் உட்காந்ததில்ல." பள்ளி ஆசிரியைக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். பல்லெல்லாம் தெரியட்டுமா என்று நாத்தனார் கேட்டாள். "கடவாய்ப்பல்லு சொத்தை, அதுவும் தெரியட்டும்" என்றாள் ஆசிரியை. மருந்துக்கடைக்காரர் மனைவி நெடுநேரம் யோசித்துவிட்டு, "நான் சும்மா நிக்கணும். எதுக்கும் காத்திருக்காம, சும்மா" என்றாள். அதை வரைவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது என்று நாத்தனார் பின்னால் சொன்னாள். எப்படி நின்றாலும் யாரையோ எதிர்பார்ப்பதுபோலவே வந்ததாம்.

கண்காணிப்பாளர் நேரில் வந்தார். பார்த்தவுடன் விசில் ஊதச் சொன்னார். ஊதினார்கள். சுவரில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தவள் நிற்கவில்லை. விசிலை மதிக்கவில்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

"சார், இது படம்" என்றார் எழுத்தர்.

"எனக்குக் கண்ணு இல்லையா? விதியில என்ன போட்டிருக்கு? தெருவில் காணப்படும் எந்தப் பெண்ணும். இவ காணப்படுறாளா?"

"காணப்படுறா சார்."

"தெருவுலயா?"

"தெருவுலதான் சார்."

"பொண்ணா?"

எழுத்தர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "பொண்ணுதான் சார்."

"விளக்கு எரியுதா?"

"எரியுது சார். பகல்லயும் எரியுது."

"அப்ப இவ பகல்லயும் குத்தம் பண்றா."

வரைந்தது யார் என்று விசாரணை நடந்தது. ஏணியைப் பிடித்த ரோந்துக்காரரிடமே அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டதால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. சுவரை வெள்ளையடிக்கச் சொல்லிக் குடிநீர் நிலையத்துக்கு ஆள் அனுப்பினார்கள். நிலைய மேலாளர் மறுத்துவிட்டார். அந்தச் சுவர் அதுவரை ஊர் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடமாக இருந்தது. இத்தனை பெண்கள் பார்த்துக்கொண்டிருப்பதால் இப்போது ஒருவரும் அந்தப் பக்கம் ஒதுங்குவதில்லை, எத்தனையோ வருஷமாகச் செய்து பார்த்தும் நடக்காத காரியம் இது, தயவுசெய்து கையை வைக்காதீர்கள் என்று கும்பிட்டுவிட்டார்.

கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். காத்திருப்பு அறை பக்கத்தில்தான், ஓடிவந்தும் விளக்கு முந்திக்கொண்டதால் அன்றும் உள்ளே நான் இருந்தேன், எனக்கு நன்றாகக் கேட்டது.

"அழிக்கிறது தோத்தவன் வேலை. எந்தப் பொண்ணையும் தெருவ விட்டுத் தொரத்துறது நம்ம நோக்கமே இல்ல. வெளிய வாங்க, தாராளமா வாங்க, கூட ஒரு ஆள் இருக்கட்டும், அவ்வளவுதான் நாம சொல்றது. பொண்ணுன்னா யாரு? நம்ம வீட்டு விளக்கு. விளக்கைத் தெருவுல வெச்சா நாம என்ன பண்ணுவோம்? பக்கத்துல ஒருத்தரை நிக்கவைப்போம். சுவத்துல இருக்கறதுகளுக்கும் துணை குடுங்க. ஒண்ணு விடாம. எல்லாரையும் சட்டத்துக்குள்ள கொண்டுவாங்க."

ஒவ்வொரு பெண் பக்கத்திலும் ஓர் ஆணை வரைய ஆள் தேடினார்கள். ஊரில் இந்த வேலை தெரிந்தவள் என் நாத்தனார் ஒருத்திதான். கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கண்றாவிய வரைஞ்சவ யாரோ, கை நல்ல கை. அதுக்கு ஈடா வரணும். முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முயற்சி பண்றேன் சார்" என்றாள் அவள்.

தையல்காரிக்குத் தம்பி வந்தான். ஆசிரியைக்கு அப்பா வந்தார். ஒவ்வொருவரையும் வரைந்து முடித்ததும் கண்காணிப்பாளர் வந்து கைநீளத்தை அளப்பார், பார்வையைச் சோதிப்பார், சரியாக இருந்தால் காலடியில் அலுவலக முத்திரையைத் தகட்டு அச்சில் பதித்து, கீழே 'அங்கீகரிக்கப்பட்ட துணை' என்று எழுதச் சொல்வார். என் படத்துக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நாத்தனார் தன் அண்ணனை வரைந்திருந்தாள். அவளிடம் இருந்த ஒரே முகம் அதுதான். மேல்சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் போட்டு, ஒரு கண்ணை லேசாகச் சுருக்கிக்கொண்டு அப்படியே நின்றார். நான் சுவரைப் பார்க்காமல் கீழே கிடந்த டப்பா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தர் மெதுவாகச் சொன்னார்: "சார், இவர் காலமாயிட்டார். அட்டையைக்கூட வாங்கிட்டோம்."

"யோவ், படத்துக்கு ஏதுய்யா சாவு? அந்தம்மாவும் படம், இந்தாளும் படம். ரெண்டும் ஒரே நிலைமை. அது இல்ல பிரச்சினை. இவர் எங்க பாக்குறார்?"

என் கணவர் கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணை அந்தப் பொண்ணப் பாக்கணும்."

"உசுரோட இருந்தப்பவே பாத்ததில்ல சார்" என்றாள் நாத்தனார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. விதிப்படி பாக்கணும். கண்ணைத் திருப்பு."

அவள் அந்த இரண்டு கண்ணையும் வெள்ளை வைத்து மூடி, காயவிட்டு, மறுபடி வரைந்தாள். இப்போது அவர் என்னைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டு நடக்காத ஒன்று, அலுவலக உத்தரவில் அரைமணியில் நடந்துவிட்டது. கண்காணிப்பாளர் முழம்போட்டுப் பார்த்து, சரி என்றார். முத்திரை விழுந்தது.

அன்றைக்குக் கடைசி ஈட்டையும் முடித்துவிட்டேன். பிடித்தால் பிடிக்கட்டும் என்று ஒரு வெறுப்பு. சுவர்வரை வந்து, அவர் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றபோது விசில் கேட்டது.

"துணை எங்கம்மா?" என்றார் ரோந்துக்காரர்.

நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. சத்தியமாக இல்லை. கை தானாக நீண்டது. "இதோ நிக்கறாரே."

அவர் டார்ச்சை அடித்தார். முகத்தைப் பார்த்ததும் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டார். முத்திரையைப் படித்தார். என் தோளிலிருந்து சுவர்வரை கையை நீட்டி அளந்தார். பார்வையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "போங்கம்மா" என்றார். நான் நகர்ந்தேன். உடனே மறுபடி விசில். "கையெட்டும் தூரத்தத் தாண்டிட்டீங்களே."

இதை நாத்தனாரிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. அவளும் இப்போது இல்லை. நுரையீரலில் பெயின்ட் வாடை ஏறி, இருமி இருமிப் போனாள்.

மறுநாள் முதல் அவள் செய்தது மிகவும் எளிய காரியம். சுவரில் என்னை இன்னோர் இடத்தில் வரைந்தாள், முதல் படத்திலிருந்து சில எட்டுத் தள்ளி. துணையில்லாமல் ஒரு பெண் காணப்படுகிறாள் என்று தானே போய் அலுவலகத்தில் தகவலும் கொடுத்தாள். "உடனே துணை போடு" என்று உத்தரவு வந்தது. போட்டாள். முத்திரை குத்தினார்கள். பிறகு இன்னும் சில எட்டுத் தள்ளி நான், பக்கத்தில் அவர். குடிநீர் நிலையச் சுவர் முடிந்து தபால் நிலையச் சுவர், அது முடிந்து மரக்கிடங்கு வேலி, அப்படியே எங்கள் தெரு முனைவரை. வாழ்நாள் முழுக்க என்னை விட்டு ஓடியவர் இப்போது சில எட்டுக்கு ஒருவராக நின்று என்னையே பார்த்தார். ஓரிடத்தில் வேண்டுமென்றே அவருக்குத் தொப்பை வைத்தாள். "இருந்திருந்தா இந்நேரம் போட்டிருக்கும்ல" என்றாள்.

"சார், இந்தக் கடிகாரக்காரர் ஒரே ஆளு எத்தனை எடத்துல..." என்று எழுத்தர் ஆரம்பித்தாராம்.

"ஒரே பொண்டாட்டிதானே? அப்ப ஒழுக்கத்துக்குக் குறைச்சல் இல்ல" என்று கண்காணிப்பாளர் முடித்துவிட்டார்.

நான் கடைசி ஈட்டை முடித்து, விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டு, ஒரு கணவரிடமிருந்து அடுத்த கணவருக்கு என்று சட்டப்படி நடந்து வீட்டுக்கு வந்தேன். மேற்பார்வையாளர் அக்கா, "எப்படிடி சமாளிச்ச?" என்று கேட்டார். "புடிச்சிட்டேன்க்கா" என்றேன். மாதம் முடிந்தும் வேலை நிலைத்தது. தையல்காரியும் அதேபோல வரிசையாக வரையப்பட்ட தன் தம்பியோடு நடந்தாள். ஆசிரியை, தன் அப்பாவைக் கொஞ்சம் இளமையாகப் போட்டிருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டே நடந்தாள். அக்காவும் ஒருநாள் வந்து, எப்போதோ கப்பலேறிப் போன தன் புருஷனை வரையச் சொன்னார். முகம் ஞாபகமிருக்கிறதா என்று நாத்தனார் கேட்டாள். "முதுகு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்.

துணையோடு காணப்படும் பெண்களின் எண்ணிக்கை இதுவரை இல்லாத அளவு பெருகியதாக மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதைக் கொண்டாடச் சுவரோரமாகவே ஒரு கூட்டம் போட்டார்கள். கண்காணிப்பாளர் மேடையிலிருந்து சுவரைக் காட்டிப் பேசினார்.

"இவங்களைப் பாருங்க. மாதிரித் துணைகள். எங்கயாவது அசையறாங்களா? குடிக்கறாங்களா? கூட வர்றப்ப நடுவுல நண்பனப் பாத்துட்டு நின்னுடறாங்களா? வேற பொண்ணைத் திரும்பிப் பாக்கறாங்களா? வீட்டுக்குப் போனதும் சோறு எங்கன்னு கேக்கறாங்களா? எதுத்து ஒரு வார்த்தை? கிடையாது. இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாரும் இவங்கள மாதிரி ஆகணும். அதுதான் என் கனவு."

பெண்கள் பக்கத்திலிருந்து கைதட்டல் நிற்கவே இல்லை. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார். விளக்கு எரிந்து வெகுநேரமாகியிருந்தது. ஒவ்வொருத்தியும் தன் ஆள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, கால் நீட்டி, சிரித்துக்கொண்டு, சும்மா நின்றுகொண்டு இருந்தோம். உண்மையான ஆண் ஒருவரும் கூட இல்லை.

மறுநாள் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"நீ ஏமாத்துற" என்றார் கண்காணிப்பாளர். "அது படம்மா."

"ஆமா சார்."

"படம் எப்படி உனக்குத் துணையாகும்?"

"முத்திரை நீங்கதான் சார் போட்டீங்க. கண்ணைக்கூட நீங்கதான் திருப்பச் சொன்னீங்க."

"அது அந்தப் படத்துப் பொண்ணுக்கு."

"அதுவும் நான்தான் சார்."

அவர் எழுத்தரைப் பார்த்தார். துணை செல்லாது என்றால் முத்திரைகள் எல்லாம் பொய், அறிக்கை பொய், மேடைப் பேச்சும் பொய். செல்லும் என்றால் நான் போகலாம். அவர் கொஞ்சநேரம் மேசைமேல் இருந்த விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, சுவரில் இருக்கும் ஆண்களை மட்டும் வெள்ளையடிக்க உத்தரவிட்டார். ஆண்கள் மேல் குடிநீர் நிலையத்துக்கு அக்கறை இல்லை, சம்மதித்தார்கள்.

நாத்தனார் அந்த வேலையை ஏற்கவில்லை. ரோந்துக்காரர்களே வாளியும் மட்டையுமாகக் கிளம்பினார்கள். நான் விடுப்புச் சொல்லிவிட்டு, நாத்தனாரோடு அவர்கள் பின்னாலேயே நடந்தேன். ஒவ்வொருவராக அழிந்தார். தொப்பை வைத்தவரை அழிக்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள். முதல்தடவை அவர் போனது ஆஸ்பத்திரியில், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல். இந்தத்தடவை கடைசிவரை பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனார்.

இனி வேலை போய்விடும் என்று நினைத்தபடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுத்தருக்குத்தான் விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஞாபகம் வந்திருக்கிறது. வழியில் மயங்கி விழும் துணைகளுக்காக என்றோ எழுதிய விதி அது. அங்கீகரிக்கப்பட்ட துணை ஒருவர் வழியில் விழுந்தாலோ அலுவலக நடவடிக்கையால் விலக்கப்பட்டாலோ, மாற்றுத் துணை வரும்வரை அலுவலர் ஒருவர் அந்த இடத்தில் நிற்க வேண்டும். கையெட்டும் தூரத்தில், பார்வை பெண்ணின்மேல். அவர் அதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கடமை தவறாதவர், காட்டிவிட்டார். சுவரில் பெண்கள் அப்படியே இருந்தார்கள், தெருவிளக்குக் கீழே, தனியாக. அவர்களை அப்படி விட்டால் சட்டமே இல்லை என்றாகிவிடும்.

மறுநாள் வேலைக்குப் போனேன், கடைசி ஈட்டை முடித்துவிட்டு வெளியே வந்தேன். விளக்குகள் எரிந்தன. விசில் சத்தமே இல்லை. விசில் ஊதுகிறவர்கள் எல்லோரும் குடிநீர் நிலையச் சுவரிலிருந்து மரக்கிடங்கு வேலிவரை வரிசையாக, ஆளுக்கொரு படத்துப் பெண்ணின் பக்கத்தில், ஈரச் சுண்ணாம்பில் முதுகு படாமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சும்மா நிற்கும் மருந்துக்கடைக்காரர் மனைவிக்குப் பக்கத்தில் எழுத்தர். ரோந்துக்காரர்கள் போதவில்லை போலிருக்கிறது, அரசுத் துணைக்கு ஒரு நாற்காலி போட்டு ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் அவளுடைய சொத்தைப் பல்லைப் பார்த்தபடி தூங்கிப்போயிருந்தார். தெரு முழுக்கப் பெண்கள், போகவும் வரவுமாக. பிடிக்கத்தான் ஆள் இல்லை.

என் முதல் படத்துக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் நின்றார். கழுத்தைத் திருப்பாமல் கடைக்கண்ணால் என்னைக் கண்டுபிடித்தார்.

"நில்லு. துணை எங்க? தனியா எங்க போற?"

"வீட்டுக்கு சார்."

அவர் ஒரு கால் முன்னால் வைத்தார். சுவரில் இருந்த என்னிடமிருந்து அவர் கை விலகியது. உடனே காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மாத்து ஆளு யாராவது வர்றாங்களாம்மா?" என்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"தெரியல சார். மனச விடாதீங்க, யாராவது வருவாங்க" என்றேன். "அதுவரைக்கும் அவளைத் தனியா விட்டுடாதீங்க."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன். யாரும் துரத்தவில்லை என்பதால் மெதுவாகவே நடந்தேன்.